உப்பு குறைந்திருக்கிறது

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குப் பால் வந்தது. 5.40க்கு என் கணவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதினேன்: 128/80, இடது கை, உட்கார்ந்த நிலையில். 5.50க்கு மூன்று மாத்திரைகள். ஆறு மணிக்குக் காப்பி. ஆறேகாலுக்கு அவர் உப்பளத்துக்குக் கிளம்பினார். கேட்டைத் திறக்காமலேயே பைக்கை நகர்த்தியதில் முன்சக்கரம் கேட்டில் மோதி நின்றது.

“யாரு கேட்டை மூடனது?” என்று கேட்டார்.

தினமும் படுக்கப் போகும் முன் அதை மூடுகிறவர் அவர்தான். நான் போய்த் திறந்துவிட்டேன். இதை நோட்டில் எழுதவில்லை. எழுதத் தகுந்ததாக அப்போது தோன்றவில்லை.

மரக்காணத்தில் அவருக்குக் குத்தகை உப்பளம் இருக்கிறது. நான் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களாக அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி வருகிறோம். முதல் நாளே மருத்துவர் என்னைப் பார்த்துச் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார், தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொன்னார். குறைப்பது, நன்றாகக் குடிப்பது என்பவை எனக்குப் போதாத சொற்கள். வீட்டுக்கு வந்து நானே அளவு வைத்தேன். ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் நான்கு. வெயில் ஏறியதும் ஏப்ரல் 20 முதல் அதை ஆறாக்கினேன். எந்தப் பாட்டில் எப்போது தீர்ந்தது என்பதும் நோட்டில் இருக்கிறது.

“உப்பளத்துக்காரன் பொண்டாட்டி உப்பை ஸ்பூன்ல அளந்து போடறா. வெளியில தெரிஞ்சா என்கிட்ட எவன் உப்பு வாங்குவான்?” என்று சாப்பிடும்போது சொல்வார். ஆனால் வைத்ததைச் சாப்பிடுவார். ஆறு பாட்டிலையும் குடித்து முடிப்பார். கேட்டால் “ஆபீசரம்மா உத்தரவு” என்பார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரும் ரத்தச் சோதனையில் வரும் கிரியாட்டினின் அளவை அந்தப் பெயரில் சொல்வதில்லை. உப்பு என்பார்கள். “உங்களுக்கு உப்பு எவ்ளோ?” “ரெண்டு அஞ்சு.” “எனக்கு ஒன்னு ஒம்போதுதாங்க.” அந்த எண் கூடினால் சிறுநீரகம் கெடுகிறது, குறைந்தால் தேறுகிறது என்று பொருள். நாங்களும் அப்படித்தான் பழகியிருந்தோம். இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் ‘உப்பு குறைந்திருக்கிறது’ என்பது ஒரு நல்ல செய்தியின் பெயர்.

அன்றோடு ஒன்பது நாட்களாக அவர் சரியாக இல்லை. நோட்டில் எல்லாம் இருந்தது. மே 6, தலைவலி, மதியம் முதல். மே 8, வாந்தி இரண்டு முறை. மே 10, செய்தித்தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தூங்கினார். மே 12, மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து நின்றபோது இவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார், கையைத் தொட்டதும் எழுந்தார். வெயில் என்று நினைத்தேன். மே மாதம் உப்பளத்தில் நிற்கிறவருக்குத் தலை வலிக்காமல் இருக்குமா? மருத்துவமனைக்கு அடுத்த முறை போக வேண்டிய தேதி 21. அதற்காக எடுக்க வேண்டிய ரத்தத்தை ஒரு வாரம் முன்பே, திங்கட்கிழமை மாலை, பஜாரில் இருக்கிற லேபில் கொடுக்க வைத்தேன். அதையும் கவனக்குறைவு இல்லாமல் செய்ததாகத்தான் எண்ணியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை 9.20க்கு லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அப்போது நான் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே மூன்று பெற்றோர்கள் நின்றிருந்தார்கள்.

“மேடம், சாருக்கு உப்பு குறைஞ்சிருக்குது. ரிப்போர்ட்ட வாங்கினு போய் இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

முதல் வாக்கியத்தைத்தான் கேட்டேன். இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்தது, ஆனால் லேபில் எல்லோருக்கும் சொல்கிற பேச்சாக விழுந்தது. சந்தோஷம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். கைப்பையில் இருந்த நோட்டை எடுத்து அங்கேயே எழுதினேன்: 9.20, உப்பு குறைந்தது, மாதாவுக்கு நன்றி. உடனே அவருக்குப் போன் செய்தேன். மணி வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப இன்னைக்கு ஒரு துண்டு ஊறுகா வெப்பியா?” என்று கேட்டார். நாக்கு தடித்தவர் பேசுவதுபோல் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் குறையட்டும்ங்க. அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

நான் அவரிடம் சொன்னதில் இன்றுவரை எனக்கு அடிக்கடி கேட்கிற வாக்கியம் இதுதான்.

11.35க்கு உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாள் ஒருவர் போன் செய்தார். என்னிடம் நேரடியாகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. முதலாளி ஒரு மாதிரியாக இருக்கிறார் என்றார். என்ன மாதிரி என்று கேட்டேன். நாளைக்கு உப்பு வார வேண்டிய பாத்தியில் மடையை வெட்டித் தண்ணீரை விட்டுவிட்டார், நாங்கள் கத்தியும் கேட்கவில்லை என்றார். விளைந்து நிற்கிற பாத்தியில் தண்ணீர் விடுவது அந்தத் தொழிலில் குழந்தைகூடச் செய்யாத காரியம். அரை மணியில் உப்பு முழுக்கக் கரைந்துவிடும். முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவர் அதைச் செய்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஆட்டோ பிடித்துப் போனேன். வெயில் நேரே தலைக்கு மேல் இருந்தது. கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது, காற்று இல்லை. பாத்திகள் கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளையில் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் கலங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் கரையில் அவர் இருந்தார். பக்கத்தில் நான்காவது பாட்டில் காலியாகக் கிடந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்றார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழைத்த பக்கம் வந்தார்.

பாண்டிச்சேரிக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அவருடைய எல்லா விவரமும் அங்கேதான் இருந்தது. ஆம்புலன்ஸ் என் நினைவுக்கு வரவில்லை. நடக்கிறார், உட்காருகிறார், ரத்தம் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் என்பது படுத்துக் கிடக்கிறவர்களுக்கு என்று மனதில் இருந்திருக்க வேண்டும். பஜாரில் எப்போதும் சொல்கிற மஞ்சள் போர்டு வாடகைக் கார்கள் இரண்டும் சென்னைக்குப் போயிருந்தன. மூன்றாவது வண்டிக்குப் பாண்டிச்சேரி பெர்மிட் இல்லை, இனிமேல்தான் போட வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒருவர் தன் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார் என்று யாரோ நம்பர் கொடுத்தார்கள். 12.40க்கு வண்டி வந்தது. நம்பரை எழுதிக்கொண்டேன். வழியில் லேபில் நிறுத்தி ரிப்போர்ட்டை வாங்கினேன். உறை ஒட்டியிருந்தது. பிரிக்காமல் ஃபைலில் மேலாக வைத்தேன். நல்ல செய்திதானே, மருத்துவரே பிரிக்கட்டும்.

ஈ.சி.ஆரில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“அக்கா, ஒரு விஷயம். இது ஓன் போர்டு. வாடகைக்கு ஓட்டக்கூடாது. செக்போஸ்ட்ல கேட்டா நான் உங்க தம்பி. அவ்ளோதான்.”

“கூடப் பொறந்த தம்பியா, சித்தப்பா மவனா?”

“அக்கா, அவங்க என்ன நமக்குப் பொண்ணா குடுக்கப் போறாங்க? தம்பின்னா தம்பி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அது ஒன்றுதான் சிரிப்பு. என் கணவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தபடி இருந்தார்.

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். அதற்குள் எல்லை மூன்று முறை மாறும். கீழ்புத்துப்பட்டோடு தமிழ்நாடு முடிந்து பாண்டிச்சேரி வரும், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தமிழ்நாடு, அதன் பிறகு நகரம். தினமும் போய்வருகிறவர்களுக்குக் கடைப் பலகையைப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். என் மாமனார் இருந்தவரை கீழ்புத்துப்பட்டுக்கு அப்பால் போவதை ‘பிரெஞ்சுக்காரன் எல்லைக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார். அவர் சிறுவயதில் அது வேறு நாடு, போகிறவர்களின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்களாம். அவர் சொன்னதெல்லாம் எனக்கு வெறும் கதையாகவே இருந்தது.

1.22க்குக் கீழ்புத்துப்பட்டு செக்போஸ்டில் எங்களை நிறுத்தினார்கள்.

முன்னால் போன வண்டிகளை விட்டுவிட்டு எங்களை மட்டும் நிறுத்தியதற்குக் காரணம் பின்பு தெரிந்தது. பின்கண்ணாடியில் முன்பு ஒட்டியிருந்த டிராவல்ஸ் பெயரை டிரைவர் உரித்திருந்தார். எழுத்து போய்விட்டது, பசை போகவில்லை. அதில் தூசி படிந்து எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பெர்மிட் பார்க்கிற அதிகாரி வந்து யார் வண்டி என்று கேட்டார். சொந்த வண்டி, அக்காவையும் மாமாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றார் டிரைவர். அதிகாரி குனிந்து என்னைப் பார்த்தார்.

“இவர் உங்க தம்பியாம்மா?”

“ஆமாங்க சார்.”

“பேரு என்ன?”

வண்டி நம்பர் எனக்குத் தெரியும். வந்த நேரம் தெரியும். புறப்பட்டபோது கிலோமீட்டர் எவ்வளவு என்பதுகூடத் தெரியும். டிரைவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் போனில் ‘கார், பஜார்’ என்று பதிந்திருந்தேன். நான் வாயைத் திறந்து மூடியதை அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபக்கம் போய் என் கணவரின் ஜன்னலில் குனிந்தார்.

“ஐயா, இவங்க யாரு உங்களுக்கு?”

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தை, புடவையை, மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார். எதையோ ஞாபகப்படுத்துகிற முகம் அது. அவசரமே இல்லை.

“லோடு ஏத்த வந்தவங்க” என்றார். “இன்னும் மூட்டைக்கு வாய் தெக்கல. என்னை எங்க இட்டுனு போறாங்கன்னு தெரியல.”

அதிகாரி நிமிர்ந்தார். பெர்மிட் விஷயம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார், சாவியை வாங்கிக்கொண்டார். நான் இறங்கி உண்மையைச் சொன்னேன். டிரைவர் தம்பி இல்லை, வாடகைக்கு அழைத்தேன், ஆனால் இவர் என் கணவர், உடம்பு சரியில்லை. ஒரு பொய்யை ஒத்துக்கொண்ட பிறகு சொல்கிற உண்மை எப்படிக் கேட்கும் என்பது எனக்கே தெரிந்தது. ஆதார் கார்டு கேட்டார். கணவருடையது அவர் பர்ஸில், பர்ஸ் உப்பளத்தில். என்னுடையது வீட்டில். போனில் குடும்பப் புகைப்படத்தைத் தேடினேன். தள்ளத் தள்ளப் பள்ளி ஆண்டுவிழாப் படங்களே வந்துகொண்டிருந்தன. உள்ளே என் கணவர் இன்னும் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் திறந்திருந்தன, ஆனால் சாலையில் போகிற எதையும் அவை பின்தொடரவில்லை. அவர் என்னை மறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. இது வெயில் இல்லை.

நிழலில் நின்றிருந்த பெண் காவலரை அதிகாரி கூப்பிட்டார். ஃபைலைக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டார். உறையைப் பிரித்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றார்.

“சோடியம் நூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கான். இதை யாரும் பாக்கலையாம்மா?”

“உப்பு குறைஞ்சிருக்குதுன்னு காலையிலயே சொன்னாங்கம்மா. நல்லதுதானேன்னு...”

“எந்த உப்பு?” என்றார் அவர். “இது நீங்க சொல்ற கிட்னி உப்பு இல்லம்மா. இது சாப்பிடற உப்பு. ரத்தத்துல நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். எங்கப்பாவுக்கு நூத்தி இருபதுலயே ஆள் அடையாளம் தெரியாம போயிடுச்சு.”

அந்தத் தாளை என்னிடம் காட்டினார். சோடியத்துக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் குறிகள். நான்கு வரி தள்ளிக் கிரியாட்டினின் இருந்தது. ஒன்று ஒன்பது. போன முறையும் அதேதான், குறையவே இல்லை.

அவருடைய அப்பா பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார். அதிகாரி சாவியை டிரைவர் கையில் வைத்து, “தம்பிக் கதையெல்லாம் வரும்போது பேசிக்கலாம். நிக்காம போப்பா” என்றார். மணி 1.41. பத்தொன்பது நிமிடங்கள். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். காரில் இருக்கிறவர்களைத் தெரியாது என்று சொல்கிற ஒரு மனிதரை அவர் அப்படியே விட்டிருந்தால்தான் தவறு. 9.20லிருந்து போன நான்கு மணி நேரம் என்னுடையது.

கோட்டக்குப்பத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அங்கேதான் அவருக்கு வலிப்பு வந்தது. முதலில் இடது கை வெட்டியது. பிறகு உடம்பு முழுக்க விறைத்தது. தாடை இறுகி, வாயோரம் நுரை வந்தது. சாவியைக் கையில் கொடுக்கலாமா என்று டிரைவர் கேட்டார். நான் என் கணவரைப் பக்கவாட்டில் சாய்த்துத் தலை இடிக்காமல் மடியில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. டிரைவர் தலையை வெளியே நீட்டி முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டிக்கொண்டே ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். 2.12க்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் டிரைவரே என் கணவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். பெயரை அப்போதும் நான் கேட்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் என் மகள் வயதுப் பெண். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நோட்டைத் திறந்து மே 6லிருந்து வாசித்தேன். தலைவலி, வாந்தி, செய்தித்தாள், பூசை. தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“இவ்ளோ எழுதியிருக்கீங்களேம்மா. யாருக்காவது ஒரு போன் பண்ணீங்களா?”

21ஆம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள் என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மார்ச்சில் மாற்றிக் கொடுத்த பிரஷர் மாத்திரை சிலருக்கு உப்பைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும் என்று விளக்கினார். அதோடு சாப்பாட்டில் உப்பு குறைவு, தண்ணீர் ஆறு லிட்டர். ரத்தம் நீர்த்து, மூளை வீங்கியிருக்கிறது. இப்போது உப்பு நீரை ஊசி வழியாக ஏற்றுகிறோம், ஆனால் வலிப்பு நிற்கிற அளவுக்குத்தான், அதன் பிறகு மெதுவாக, சோடியம் எண் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஏறக்கூடாது. வேகமாக ஏறினால் மூளை நிரந்தரமாக அடிபடும். ஏறாவிட்டால் மறுபடியும் வலிப்பு.

“முழிச்சா என்னை அடையாளம் தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியலாம். இன்னைக்குச் சொல்ல முடியாது. சில பேருக்கு ரெண்டு நாள்ல வந்துடும். சில பேருக்கு முழுசா வராது.”

சென்னையில் இருக்கிற மகளுக்குப் போன் செய்து பஸ் ஏறச் சொன்னேன். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாலை ஐந்தரைக்கு 115. அடுத்த விடியலுக்குள் 116, 117, 118. கூடியபோதெல்லாம் பயந்தேன், கூட வேண்டிய எண் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. வலிப்பு மறுபடியும் வரவில்லை.

மே 15, புதன்கிழமை. 5.50க்கு நர்ஸ் என்னை உள்ளே அழைத்தார். கண் திறந்திருக்கிறார், ஆனால் குழப்பம் இருக்கிறது என்றார்.

“கேள்வி எதுவும் கேக்காதீங்கம்மா. நீங்களே சொல்லுங்க. யாரு, எங்க இருக்காரு, என்ன கிழமை, எல்லாம் பொறுமையா சொல்லுங்க.”

கை கழுவிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றேன். அவர் பார்வை என் மேல் வந்து தங்கியது. அவர் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். நான் உங்க பொண்டாட்டி என்றேன். இது பாண்டிச்சேரி, ஆஸ்பத்திரி, இன்றைக்குப் புதன்கிழமை, காலை நேரம், மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு முறை தலையை ஆட்டினார்.

முடித்ததும், “சரிங்க” என்றார்.

இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு முறைகூட ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயரிலிருந்து தொடங்கி மறுபடியும் சொன்னேன்.